மின்தூக்கியைச் சோதிப்பவர் யார்?

யாழ்ப்பாணக் குடாநாடு நெடுங்காலமாக நிலத்தோடு ஒட்டி வாழ்ந்த பிரதேசம். நாற்சார் வீடும் தலைவாசலும் கிணற்றடியும் கதியால் வேலியும் கொண்ட அவ்வாழ்வில் மாடி என்பது வசதியின் அடையாளமாக இருந்ததேயன்றி இடநெருக்கடியின் விளைவாக இருந்ததில்லை. 2009ஆம் ஆண்டில் போர் முடிவுற்றதன் பின்னர் இந்நிலை விரைந்து மாறிவந்துள்ளது. பொது நூலகத்தின் அயலில் இந்திய அரசின் நன்கொடையாக எழுப்பப்பட்டு 2023 பெப்ரவரியில் மக்களுக்குக் கையளிக்கப்பட்ட கலாசார மையத்தின் கோபுரம் பல தளங்களைக் கொண்டது. நகரத்தின் நிலை இதுவாயின், நல்லூர்ப் பிரதேச சபையின் ஆட்சிக்குட்பட்ட கொக்குவிலின் நிலை யாது? காணி துண்டுபட்டும் விலையேறியும் வந்த ஊர் அது. பல்கலைக்கழகமும் மருத்துவபீடமும் அயலில் உள்ளன. தொழில்நுட்பக் கல்லூரி ஊருக்குள்ளேயே உள்ளது. காங்கேசன்துறை வீதி ஊரை ஊடறுத்துச் செல்கின்றது. இத்தகைய இடத்தில் மாணவர் விடுதியாகவோ சிகிச்சை நிலையமாகவோ மண்டபமாகவோ எழும் கட்டடம் பக்கவாட்டில் விரிய இடமின்றி மேல்நோக்கியே வளர வேண்டியிருக்கின்றது. அதனுடன் மின்தூக்கியும் வருகின்றது.

மின்தூக்கியின் வருகையை எவரும் குறைகூறுவதற்கில்லை. முழங்கால் நோவுடன் மருத்துவரைக் காண வரும் முதியவருக்கும் சக்கர நாற்காலியில் வாழ்பவருக்கும் அது ஆடம்பரமன்று. குறை வேறிடத்தில் உள்ளது. கதவு மூடிக்கொண்டதும் உள்ளே நிற்பவர் தம் உயிரைச் சில கம்பிக் கயிறுகளிடமும் ஒரு தடுப்பிடமும் ஒப்படைக்கின்றார். அவற்றைக் கடைசியாகச் சோதித்தவர் யார்? எந்நாளில் சோதித்தார்? அத்தகுதியை அவருக்கு வழங்கியவர் யார்? பழுது கண்டால் அப்பொழுதே நிறுத்திவைக்கும் அதிகாரம் அவருக்கு உண்டா? இவ்வினாக்களை உரியவர்களிடம் எழுப்புவோமாயின் கிடைக்கக்கூடிய விடைகளை ஊகிப்பது கடினமன்று. ‘கொம்பனிக்காரர் மாதாமாதம் வந்து பார்க்கிறார்கள்’ என்பார் கட்டட உரிமையாளர். ‘ஒப்பந்தப்படி பராமரிக்கிறோம்’ என்னும் கொம்பனி. ‘கட்டடத்துக்கு அமைவுச் சான்றிதழ் கொடுத்தாயிற்று’ என்னும் உள்ளூராட்சி மன்றம். ‘அது தொழிற்சாலையன்று’ என்னும் தொழில் திணைக்களம். நான்கு விடைகளும் உண்மையாகவே இருக்கக்கூடும். நான்கையும் ஒன்றுகூட்டினாலும் ‘சோதித்தவர் இவர்’ என்னும் ஐந்தாவது விடை பிறப்பதில்லை.

இது பொறியியலாளரின் விடயம், கலைப்பீடத்தினருக்கு இதில் யாது வேலை எனச் சிலர் வினவுதல் கூடும். கயிறு எவ்வளவு தேய்ந்தால் மாற்றப்பட வேண்டும் என்பது பொறியியலாளரின் விடயமே. தேய்வை அளப்பவரை அனுப்புவது யார், அவருக்கு ஊதியம் கொடுப்பது யார், அவர் எழுதும் அறிக்கை எவருடைய மேசைக்குச் செல்கின்றது என்பன அத்தகையவை அல்ல. அவை சட்டத்தையும் ஆட்சிமுறையையும் சார்ந்த வினாக்கள். பொருளியல் கற்போர் இவற்றுள் ஒன்றையாவது தம்முடையதென உரிமை கோர வேண்டும்.

கயிற்றைச் சோதிக்கும் வழக்கம் இம்மண்ணுக்குப் புதியதன்று. தோட்டக் கிணறுகளில் துலா மிதித்து நீரிறைத்த காலத்தில், துலாவிலே ஏறி நடந்தவர் அச்சையும் கொடியையும் தாமே பார்த்துக்கொண்டார். பனையேறியவர் ஒவ்வொரு நாளும் தளைநாரை இழுத்துப் பார்த்த பின்னரே காலை வைத்தார். பனைக்குச் சொந்தக்காரர் அதனைப் பார்க்கவில்லை என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. விழுந்தால் இறப்பவர் எவரோ அவரே சோதகராகவும் இருந்தார். அது நீதியான ஏற்பாடு என்று எவரும் சொல்லார். எனினும் அந்த ஏற்பாட்டில் சோதனை தவறியதில்லை. சோதிப்பவருக்கு அதில் தம் உயிரைவிடப் பெரிய அக்கறை வேறொன்று இருக்கவில்லை. மின்தூக்கியில் ஏறுபவருக்கோ இந்த வாய்ப்பு அறவே இல்லை. கயிறு அவர் கண்ணுக்குத் தெரிவதில்லை. இயந்திர அறை பூட்டிக் கிடக்கின்றது. அவர் காண்பது ஒரு நிலைக்கண்ணாடியையும் சில பொத்தான்களையும், இத்தனை பேர் ஏறலாம் எனக் கூறும் ஒரு தகட்டையுமே. ஏறுபவரால் சோதிக்க இயலாத பொருளை ஏறுபவருக்காக வேறொருவர் சோதிக்க வேண்டும். அந்த வேறொருவரை நியமிப்பதே அரசின் கடமை.

மின்தூக்கி விபத்து என்றவுடன் கயிறு அறுந்து கூண்டு பாதாளத்தில் விழும் காட்சியே பலருடைய மனத்தில் எழுகின்றது. அந்த அச்சத்துக்கு 19ஆம் நூற்றாண்டிலேயே பெருமளவு பரிகாரம் காணப்பட்டுவிட்டது. எலிஷா ஒற்றிஸ் என்பவர் 1854இல் நியூயோர்க் கண்காட்சியில் மக்கள் பார்த்திருக்க, தாம் நின்ற மேடையின் கயிற்றை அறுப்பித்து, மேடை விழாது நிற்பதைக் காட்டினார். 1857இல் அந்நகரின் கடையொன்றில் பயணிகளுக்கான அவருடைய மின்தூக்கி இயங்கத் தொடங்கிற்று (அது உண்மையில் நீராவியால் இயங்கியது, மின்சாரம் பின்னர் வந்தது). இன்றைய கூண்டைப் பல கயிறுகள் தாங்குகின்றன. வேகம் மிகுந்தால் தண்டவாளத்தைக் கவ்விப்பிடிக்கும் பொறியும் உண்டு. ஆபத்துப் பெரும்பாலும் வேறு வழியில் வருகின்றது. கூண்டு வந்து சேராமலே தளத்துக் கதவு திறந்துகொள்வதுண்டு. இருளில் காலை வைப்பவர் குழியில் விழுகின்றார். மற்றையது தடுப்பின் பழுது. கூண்டின் எடையைச் சமன்செய்ய மறுபுறத்தில் ஓர் எதிர்ப்பாரம் தொங்குகின்றது. அது வெறுங்கூண்டைவிட எடை மிகுந்தது. ஆகவே ஓரிருவர் மாத்திரம் நிற்கும்போது தடுப்பு வழுக்கினால் கூண்டு கீழே விழுவதில்லை, மேலே எழுகின்றது. கதவு திறந்திருக்கும்போதே எழுந்துவிடும்.

ரோக்கியோ நகரின் மினாற்றோ பகுதியில், பொது வீடமைப்புக் கட்டடம் ஒன்றில், 2006 ஜூன் 3ஆம் திகதி இதுவே நிகழ்ந்தது. மிதிவண்டியுடன் வெளியேறிக்கொண்டிருந்த 16 வயதுப் பள்ளி மாணவன் ஒருவன், திறந்த கதவுடன் மேலெழுந்த கூண்டின் தரைக்கும் கதவுநிலைக்கும் இடையில் நசியுண்டு இறந்தான். தடுப்பின் உராய்பட்டி அளவுமீறித் தேய்ந்திருந்தது. அந்த மின்தூக்கி கைவிடப்பட்ட ஒன்றன்று. பராமரிப்பு ஒப்பந்தம் முறைப்படி இருந்தது. அது விலைகோரல் மூலம் ஒரு நிறுவனத்திடமிருந்து இன்னொன்றுக்குக் கைமாறி வந்தது. விபத்து நடந்தபோது பொறுப்பிலிருந்த நிறுவனம் அப்பணியை ஏற்றுச் சில மாதங்களே ஆகியிருந்தன. வழக்கு நெடிது நடந்தது. 2015இல் மாவட்ட நீதிமன்றம் பராமரிப்பு நிறுவனத்தைச் சேர்ந்த மூவரைக் குற்றவாளிகளெனக் கண்டது; தயாரிப்பு நிறுவனத்தைச் சேர்ந்தவரை விடுவித்தது. 2018இல் உயர்நீதிமன்றம் அந்த மூவரையும் விடுவித்தது. பன்னிரண்டு ஆண்டுகளின் முடிவில் ஒரு மாணவனின் மரணத்துக்குக் குற்றவாளி என எவரும் எஞ்சவில்லை. ஜப்பான் போன்றதொரு நாட்டில், ஏடுகளும் ஒப்பந்தங்களும் ஒழுங்காக இருந்த இடத்தில் இது நேர்ந்தது. ஏடே இல்லாத இடத்தில் என்ன நேரும் என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை. ஒன்றை ஜப்பான் செய்தது: கதவு திறந்த நிலையில் கூண்டு நகர்வதைத் தடுக்கும் தனிப் பாதுகாப்பு அமைப்பைப் புதிய மின்தூக்கிகளுக்கு 2009 முதல் கட்டாயமாக்கிற்று.

கொம்பனிக்காரர் வந்து பார்ப்பதே போதும் என்போர் இந்த வழக்கை ஊன்றிக் கற்க வேண்டும். பராமரிப்பு வேறு, சோதனை வேறு. எண்ணெய் இடுவதும் பொத்தானை மாற்றுவதும் பராமரிப்பு. அப்பணி செவ்வனே நடந்ததா என்று, அதனைச் செய்யாத வேறொருவர் பார்ப்பதே சோதனை. விடை எழுதிய மாணவனே தன் விடைத்தாளைத் திருத்திப் புள்ளியிடுவதை எந்தப் பல்கலைக்கழகமும் ஏற்பதில்லை. மின்தூக்கியின் விடயத்தில் மாத்திரம் அது ஏற்கப்படுகின்றது. மேலும், பராமரிப்புக் கொம்பனிக்கு ஊதியம் வழங்குபவர் கட்டட உரிமையாளர். கயிற்றை மாற்ற வேண்டும் என அடிக்கடி எழுதும் கொம்பனி அடுத்த ஆண்டு ஒப்பந்தத்தை இழக்கலாம். எழுதாத கொம்பனி அதனைப் பெறலாம். தொழிலாளி நேர்மையற்றவர் என்பது இதன் பொருளன்று. சந்தையின் விதி அவரை மௌனத்தின் பக்கமே தள்ளுகின்றது என்பதே பொருள்.

கண்ணால் பார்ப்பதும் சோதனையாகாது. லிஸ்பன் நகரில் 1885 முதல் இயங்கிவந்த குளோரியா மலைச்சரிவு இழுவை வண்டி 2025 செப்டம்பர் 3ஆம் திகதி கம்பிவடம் அறுந்து சரிந்ததில் பதினாறு பேர் இறந்தனர். அன்று காலையிலும் அவ்வண்டி பார்வையிடப்பட்டிருந்தது, பழுதொன்றும் காணப்படவில்லை. வடம் அறுந்தது அது வண்டியுடன் இணையும் இடத்தில். அவ்விடம் கழற்றிப் பார்த்தாலன்றித் தெரியாதது. அந்த வடம் பயணிகளை ஏற்றும் பணிக்குச் சான்றுபெற்ற வகையே அன்று என்பது பின்னர் விசாரணையில் வெளிவந்தது. காலையில் பார்த்துச் சென்றவர் தம் கடமையைச் செய்தவரே. வாங்கப்பட்ட வடம் எவ்வகையினது என்று கேட்பது எவருடைய கடமையாகவும் நடைமுறையில் இருக்கவில்லை.

இனி இலங்கைச் சட்டத்தை நோக்குவோம். 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் 1937இன் பிரித்தானியத் தொழிற்சாலைச் சட்டத்தைப் பின்பற்றி எழுந்தது. பிரித்தானியச் சட்டம் தொழிற்சாலையின் ஒவ்வொரு மின்தூக்கியும் ஆறு மாதத்துக்கு ஒருமுறையேனும் தகுதியுடைய ஒருவரால் முற்றாகச் சோதிக்கப்பட்டு அறிக்கை எழுதப்பட வேண்டும் என விதித்தது. இலங்கைச் சட்டமும் மின்தூக்கியைக் கருத்தில் எடுத்து, அதற்கென அங்கீகாரம் பெற்ற அலுவலர்களின் சோதனையை வேண்டிற்று. ஆயின் அச்சட்டம் தொழிற்சாலை என வரையறுக்கப்பட்ட இடத்துக்கே உரியது. உடலுழைப்பால் ஒரு பொருள் செய்யப்படும் அல்லது திருத்தப்படும் இடமே தொழிற்சாலை. விளைவு விசித்திரமானது. சுருட்டுத் தொழிலுக்குப் பெயர்பெற்றிருந்த கொக்குவிலில், புகையிலைச் சிப்பத்தை மேல்மாடிக்கு ஏற்றும் ஓர் இயந்திரம் தொழிற்சாலையொன்றில் இருக்குமாயின் சட்டம் அதனைக் காக்க வருகின்றது. அதே தெருவில் சிகிச்சை நிலையமொன்றில் நோயாளியை ஏற்றும் மின்தூக்கி அச்சட்டத்தின் கண்ணில் படுவதில்லை. 1942இல் சட்டம் வரைந்தோரைக் குறைகூறுவதில் பயனில்லை. தொழிற்சாலைக்கு வெளியே மின்தூக்கிகள் அரிதாயிருந்த நாட்டுக்கு அவர்கள் சட்டம் எழுதினர். அதன் பின்னர் எட்டுப் பதிற்றாண்டுகள் கழிந்தும் மின்தூக்கிக்கெனத் தனிச் சட்டமொன்றை இயற்றாதோரே குறைகூறத்தக்கவர்.

ஏனைய சட்டங்கள் இவ்விடைவெளியை ஓரளவுக்கே நிரப்புகின்றன. கட்டடம் எழுப்ப அனுமதியும் எழுப்பிய பின் அமைவுச் சான்றிதழும் வழங்கும் ஏற்பாடு 1915ஆம் ஆண்டின் வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம் தொட்டு உண்டு. அச்சான்றிதழ் கட்டடம் அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்துக்கு அமைய எழுந்தது என்பதையே கூறுகின்றது. அது கட்டடத்தின் பிறப்புச் சான்றிதழ் போன்றது. பிறப்புச் சான்றிதழைக் காட்டி ஒருவர் இன்று நோயற்றிருக்கிறார் என வாதிட முடியாது. அடுக்குமாடி வீடுகளின் பொதுப் பகுதிகளை 1973ஆம் ஆண்டின் ஆதன உரிமைச் சட்டம் முகாமைக் கூட்டுத்தாபனங்களின் பொறுப்பில் விட்டுள்ளது. அதனால் கொழும்பின் தொடர்மாடிகளில் ‘யாருடைய பொறுப்பு’ என்னும் வினாவுக்கு விடையேனும் உண்டு. குடாநாட்டின் தனியொருவருக்குச் சொந்தமான கட்டடங்களுக்கு அச்சட்டத்தால் பயனில்லை.

இந்த இடைவெளி எத்தகையது என்பதைக் குருநாகல் மாவட்டத்தில், மெல்சிரிபுரவில் உள்ள நா உயன ஆரணியத்தில் நிகழ்ந்த அவலம் காட்டிற்று. 2025 செப்டம்பர் 24ஆம் திகதி, மலைச்சரிவில் தண்டவாளத்தின்மீது கம்பிவடத்தால் இழுக்கப்பட்ட வண்டி வடம் அறுந்து சரிந்ததில் பிக்குகள் பலர் உயிரிழந்தனர். லிஸ்பன் விபத்து நிகழ்ந்து மூன்று வாரங்களே கடந்திருந்தன. அவ்வண்டி கட்டடத்துள் அமைந்ததன்று, தொழிற்சாலையைச் சேர்ந்ததுமன்று. சட்டத்தின் அறைகளுள் எதிலும் அடங்காத இயந்திரம் அது. உயிரிழந்த துறவிகளோ அவ்வடத்தின் தரத்தை அறிந்து ஏறியவர்களல்லர். விபத்தின் பின் விசாரணை நடத்துவதற்கு அதிகாரிகளுக்குப் பஞ்சமில்லை. விபத்தின் முன் சென்று பார்ப்பதற்கே ஆளில்லை.

வேறிடங்களில் இவ்வினாவுக்கு விடை கண்டுள்ளனர். பம்பாய் மாகாணத்தில் 1939இலேயே மின்தூக்கிச் சட்டம் இயற்றப்பட்டுவிட்டது. தமிழ்நாட்டில் 1997இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி மின்தூக்கி அமைக்க அனுமதியும் இயக்க உரிமமும் வேண்டும். அப்பொறுப்பு அரசின் மின் ஆய்வுத் துறையிடம் உள்ளது. பிரித்தானியாவில் 1998ஆம் ஆண்டின் தூக்குச் சாதன ஒழுங்குவிதிகள் தொழிற்சாலை, அலுவலகம் என்ற பேதத்தை நீக்கி, தொழிலிடத்தில் ஆட்களை ஏற்றும் மின்தூக்கி ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதிக்கப்பட வேண்டும் என்கின்றன. அவற்றுள் ஓர் ஏற்பாடு குறிப்பிடத்தக்கது. உடனடி ஆபத்து விளைவிக்கக்கூடிய பழுதைக் காணும் சோதகர் உரிமையாளருக்கு மாத்திரமன்றி, சட்டத்தை நடைமுறைப்படுத்தும் அரச அதிகாரத்துக்கும் அறிக்கையின் பிரதியை அனுப்பியாக வேண்டும். உரிமையாளர் அதனை மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிட முடியாது. சோதனையின் உயிர்நாடி இதிலேயே உள்ளது.

சட்டமுள்ள நாடுகளிலும் மின்தூக்கிகள் உயிர் குடிக்கின்றனவே என்பது ஒரு வாதம். ஆம், குடிக்கின்றன. அங்கே உரிமமின்றி இயக்கியவரை உரிமமின்றி இயக்கினார் எனக் கூறி நீதிமன்றில் நிறுத்தலாம். இங்கே அப்படிக் கூறவும் வழியில்லை. குடாநாட்டில் உள்ள மின்தூக்கிகள் மிகச் சிலவே, அவற்றுக்காக ஒரு நிருவாகமா என்பது மற்றொரு வாதம். சிலவாக இருக்கும்போதே பதிவேடு திறப்பது எளிது. பலவான பின்னர் எங்கே எத்தனை உள்ளன என்று எண்ணுவதற்கே ஓராண்டு செல்லும். செலவு பற்றிய வாதமும் வலுவற்றது. மின்தூக்கிக்கு இலட்சக்கணக்கில் செலவிடக்கூடியவர் ஆறு மாதத்துக்கொருமுறை சோதகருக்குரிய கட்டணத்தைச் செலுத்த இயலாதவராக இருக்க முடியாது. ஆயினும் கட்டணத்தை அவர் சோதகரின் கையில் கொடுக்கலாகாது. சபையில் கட்ட வேண்டும். சபை சோதகரை அனுப்ப வேண்டும். பணம் கைமாறும் வழியை மாற்றாமல் சட்டத்தை மாத்திரம் மாற்றினால் அங்கீகாரம் பெற்ற அலுவலரும் இன்னொரு கொம்பனிக்காரராகவே முடிவார்.

ஆகவே பொறுப்பைப் பிரித்துச் சொல்லின் இவ்வாறு அமையும். சோதிக்கச் செய்யும் கடமை உரிமையாளருடையது. பராமரிப்பு ஒப்பந்தத்தைக் காட்டி அதனை அவர் கைகழுவ முடியாது. சோதிக்கும் பணி பராமரிப்போடு தொடர்பற்ற, அங்கீகாரம் பெற்ற பொறியியலாளருடையது. தொழிற்சாலைகளுக்கென அத்தகையோரை அங்கீகரிக்கும் முறை தொழில் திணைக்களத்தில் ஏலவே இருத்தலால் புதியதொரு படையைத் திரட்ட வேண்டியதில்லை. சட்டத்தில் ‘தொழிற்சாலை’ என்னும் சொல்லின் எல்லையை விரித்தாலே பெரும்பகுதி முடிந்துவிடும். அறிக்கையைப் பெற்றுப் பதிந்து, பழுதுற்றதை நிறுத்திவைக்கும் அதிகாரம் உள்ளூராட்சி மன்றத்துடையதாதல் வேண்டும். கொழும்பிலிருக்கும் அலுவலகத்துக்குக் கொக்குவிலின் சந்து தெரியாது. கட்டடத்தின் வரைபடத்தை அனுமதித்த சபைக்கே அது தெரியும்.

பாராளுமன்றம் சட்டத்தைத் திருத்தும்வரை காத்திருக்க வேண்டுமென்பதுமில்லை. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் துணைவிதிகளை ஆக்கும் அதிகாரத்தைச் சபைகளுக்கு வழங்கியுள்ளது. 2025 மே மாதத் தேர்தலின் பின் சபைகள் மக்கள் பிரதிநிதிகளின் கைக்கு மீண்டன. வீதி விளக்கும் வடிகாலும் பற்றி விவாதிக்கும் அமர்வொன்றில், தன் எல்லைக்குள் இயங்கும் மின்தூக்கிகள் எத்தனை என்று ஓர் உறுப்பினர் கேட்கலாம். அந்த வினாவுக்கு விடை தேட ஓர் உத்தியோகத்தர் துவிச்சக்கர வண்டியில் ஒரு நாள் சுற்றிவந்தாலே போதும். கொக்குவிலின் பரப்பு அவ்வளவே.

மொழி பற்றியும் ஒரு சொல். சோதனை நடந்த திகதியும் அடுத்த சோதனைக்குரிய திகதியும் சோதித்தவரின் பதவியும் கூண்டினுள் தமிழில் ஒட்டப்பட வேண்டும். வடமாகாணத்தின் நிருவாக மொழி தமிழ் என்று அரசியலமைப்பே கூறுகின்றது. தயாரித்த நாட்டின் மொழியில் பொறித்த தகடு இரும்பின் எடைதாங்கும் அளவைத்தான் சொல்லும். நோயாளியான தாயைக் கைத்தாங்கலாக அழைத்துவரும் ஒருவர், பொத்தானை அழுத்துமுன் வாசித்துத் தீர்மானிக்கத்தக்கதாக அத்தாள் அமைய வேண்டும். பனையேறியவர் தளைநாரை இழுத்துப் பார்த்ததற்கு ஈடாக அவருக்கு எஞ்சியிருப்பது அந்த ஒரு தாளே.

திகதி கடந்த தாள் ஒட்டப்பட்டிருக்கும் மின்தூக்கியின் கதவைச் சபை பூட்டி முத்திரையிட வேண்டும். அதனால் சில நாட்கள் அலைச்சல் ஏற்படும் என்பது உண்மை. விடுதி மாணவர் படிக்கட்டால் ஏறிச் செல்வர். மண்டபத்தார் சோற்றுக் கிடாரத்தைத் தோளில் சுமப்பர். மேல்மாடியில் இருந்து நோயாளரைப் பார்க்கும் மருத்துவர் கீழே இறங்கி வருவார்.